தபாற் பெட்டியும் தனியார் பொதிச் சேவையும்: ஐக்கிய அமெரிக்காவில் ஓர் எல்லைக்கோட்டின் வரலாறு

ஐக்கிய அமெரிக்காவிலே ஒருவருக்குப் பொதியொன்றை அனுப்பக் கருதுவோர், அதனைத் தபாற்கந்தோரிற் கொடுப்பின், ‘தபாற் பெட்டி இலக்கம் இன்னது, ஊர் இன்னது’ என்னும் விலாசமே போதியதாகும். அதே பொதியை யூ.பி.எஸ்., பெட்எக்ஸ் முதலிய தனியார் கொம்பனிகளிடம் கொடுக்கச் சென்றால், பெட்டி இலக்கம் செல்லாது. தெருவின் பெயரும் வீட்டெண்ணும் வேண்டும் என்பர். தப்பித்தவறிப் பெட்டி இலக்கத்தோடு வந்துவிட்ட பொதியை, பெறுவோரோடு தொடர்புகொண்டு தெரு விலாசம் அறியும்வரை நிறுத்தி வைப்பதும், விலாசந் திருத்தியதற்கெனக் கட்டணம் அறவிடுவதும் அவர்தம் வழக்கம். மேலெழுந்தவாரியாக நோக்குவார்க்கு இது வணிகப் போட்டியாளர் இருவரின் பிடிவாதம் போலத் தோன்றும். ஆயின் அச்சிறு பெட்டியின் கதவு தனியார்க்கு அடைபட்டது ஒருநாட் செயலன்று. கடிதத்தை யார் காவுவது, பொதியை யார் காவுவது என்பது பற்றி அந்நாட்டரசும் தனியாரும் நூறாண்டுக்கு மேலாக நடத்திய வழக்கின் முடிவே அது. அவ்வழக்கு எவ்வாறு தொடங்கி எவ்வாறு வளர்ந்தது என்பதை நோக்குமிடத்து, இருபாலாரும் தத்தம் பக்கத்தில் நின்று ஒரே சுவரைக் கட்டிய விந்தை புலனாகும்.

தபாற் பெட்டி என்பது தோன்றிய காரணத்தை முதலில் அறிதல் வேண்டும். கடிதத்தை வீடு தேடிக் கொணர்ந்து கொடுக்கும் தபாற்காரனை இன்று எவரும் இயல்பாகவே எண்ணுவர். ஐக்கிய அமெரிக்காவின் நகரங்களில் மேலதிகக் கட்டணமின்றி வீட்டுக்கு வீடு கடிதம் வழங்கும் முறை 1863ஆம் ஆண்டு யூலை மாதம் முதலாந் திகதியே தொடங்கிற்று. உள்நாட்டுப் போரின் நடுவே அம்முறை வந்தது. நாட்டுப்புறங்களுக்கோ அது 1896இல் மேற்கு வேர்ஜினியாவிற் சோதனையாகத் தொடங்கி, 1902இலேயே நிலைபெற்றது. அதற்கு முன்னெல்லாம் கடிதம் பெற விரும்புவோர் தாமே தபாற்கந்தோருக்குச் சென்று, வரிசையில் நின்று, தம் பெயரைச் சொல்லிக் கேட்டல் வேண்டும். இவ்வலைச்சலை விரும்பாத வணிகரும் வக்கீல்மாரும் கந்தோர்ச் சுவரில் அமைந்த சிறு அறையொன்றை வாடகைக்குக் கொண்டனர். பெட்டியின் முகப்பிற் கண்ணாடி பொருத்தப்பட்டிருந்தமையால், எழுதுவினைஞரை அழையாமலே கடிதம் வந்துளதோ இலதோ என்று அறிந்து செல்லலாம். எனவே பெட்டி என்பது வீட்டுக்கு மாற்றாக எழுந்ததன்று. வீட்டுக்குக் கடிதம் வாராத காலத்து எழுந்தது. அது தபாற்கந்தோரின் சுவருக்குள் இருந்தது என்பதையும் மறத்தலாகாது. பின்னாளில் எழுந்த சிக்கலெல்லாம் அச்சுவரைச் சுற்றியனவே.

இனித் தனியாரின் பக்கத்தை நோக்குவாம். 1839ஆம் ஆண்டிலே வில்லியம் ஹார்ண்டன் என்பவர், பொஸ்ரன் நகருக்கும் நியூயோர்க்குக்கும் இடையே புகையிரதத்திலும் நீராவிக் கப்பலிலும் பயணஞ் செய்து, பிறருடைய பணத்தையும் பத்திரங்களையும் சிறு பொதிகளையும் கூலிக்குக் காவத் தொடங்கினார். கம்பளத் துணியாற் றைத்த கைப்பையொன்றே அவர்தம் முதலாயிருந்தது. அடுத்த ஆண்டே அல்வின் அடம்ஸ் என்பார் அதே வழியிற் போட்டிக்கு வந்தார். 1850இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கொம்பனியும், 1852இல் வெல்ஸ் பார்கோ கொம்பனியும் தோன்றின. பின்னைய இரண்டன் பெயர்களும் இன்று வங்கித் தொழிலாலும் கடன் அட்டைகளாலும் அறியப்படினும், அவை பிறந்தது பொதி காவும் தொழிலிலேயே. இவற்றை அந்நாட்டார் ‘எக்ஸ்பிரஸ் கொம்பனிகள்’ என வழங்கினர்.

இக்கொம்பனிகள் பொதியோடு நின்றிருந்தால் அரசுக்குக் கவலை இல்லை. ஆயின் அவை கடிதங்களையும் காவின. காரணம் வெளிப்படை. அக்காலத் தபாற் கட்டணம் மிகக் கடியது. அது கடிதத்தின் நிறையை நோக்காது தாள்களின் தொகையையும் செல்லும் தூரத்தையும் நோக்கி விதிக்கப்பட்டது. ஒரு தாளிற் கடிதம் எழுதிப் பொஸ்ரனிலிருந்து நியூயோர்க்குக்கு அனுப்பினால் 18¾ சதம். 400 மைலுக்கு மேற்படின் 25 சதம். கூலியாள் ஒருவனின் நாட்சம்பளத்திற் கணிசமான பகுதி இது. கைப்பையோடு செல்பவர் அதனிலுங் குறைந்த கூலிக்கு, அதனிலும் விரைவாகக் கொண்டுபோய்க் கொடுத்தால், மக்கள் யாரை நாடுவர்? 1844இல் லைசாண்டர் ஸ்பூனர் என்னும் வழக்கறிஞர், ‘அமெரிக்கக் கடிதத் தபாற் கொம்பனி’ என்னும் பெயரோடு வெளிப்படையாகவே கடிதச் சேவை தொடங்கினார். தபால் நிலையங்களை அமைக்கும் அதிகாரத்தைக் காங்கிரசுக்கு அரசியற்றிட்டம் வழங்கியுள்ளதேயன்றிப் பிறரைத் தடுக்கும் அதிகாரத்தை வழங்கவில்லை என்பது அவருடைய வாதம். அவருடைய முகவர் மீது வழக்குகள் தொடரப்பட்டன. எனினும் அவருடைய போட்டி வீண்போகவில்லை.

காங்கிரசு 1845இல் இரு செயல்களை ஒருங்கே செய்தது. முதலாவது, குறித்த வழியிற் குறித்த காலத்திற் செல்லும் தனியார் எக்ஸ்பிரஸ் கொம்பனிகள் கடிதங் காவுதல் குற்றம் என விதித்தது. கடிதந் தபாலின் தனியுரிமை என்பது முன்னரே சட்டமாயினும், புகையிரதத்தில் ஏறிய கைப்பைக்காரரைப் பிடிக்க அப்பழைய சட்டத்தின் வாசகம் போதவில்லை. இரண்டாவது, கட்டணத்தை அரை அவுன்சுக்கு, 300 மைலுக்குட்பட்டால் 5 சதமும் அதற்கு மேற்பட்டால் 10 சதமுமாகக் குறைத்தது. 1851இல் முற்பணங் கட்டிய கடிதத்துக்கு 3 சதமாயிற்று. தண்டனையாற் சாதிக்கப்பட்டது எவ்வளவு, மலிவினாற் சாதிக்கப்பட்டது எவ்வளவு என்று பிரித்துரைத்தல் அரிது. மலிவே பெரிதுஞ் சாதித்தது என்று கொள்ளுதல் தவறாகாது. ஏனெனில் சட்டம் இருந்தும் தபால் தூரமாயிருந்த மேற்றிசையிலே தனியார் கடிதச் சேவை அழியாது வளர்ந்தது.

கலிபோர்ணியாவின் வரலாறு இதற்குத் தக்க சான்று. 1848இற் பொன் கண்டுபிடிக்கப்பட்ட பின்னர் ஆயிரக்கணக்கானோர் மலைப்பள்ளத்தாக்குகளிற் கூடாரமடித்துப் பொன்னரித்தனர். அவர்களுக்குத் தெருவுமில்லை, வீட்டெண்ணுமில்லை. தாய் எழுதிய கடிதமும் மனைவி எழுதிய கடிதமும் பல மைல் தொலைவிலுள்ள சான் பிரான்சிஸ்கோத் தபாற்கந்தோரிற் குவிந்து கிடந்தன. கடிதமொன்றைத் தேடி நகருக்குச் சென்றால் பல நாள் வேலை கெடும். பொன்னிருக்கும் நிலத்தைப் பிறன் கைப்பற்றவுங்கூடும். ஆகவே பொன்னரிப்போரின் பெயர்களைப் பட்டியலாக எழுதிக்கொண்டு கந்தோருக்குச் சென்று, அவர்தம் கடிதங்களைப் பெற்று, மலையேறிக் கொண்டுபோய்க் கொடுத்துப் பொன்னாகவே கூலி வாங்கும் எக்ஸ்பிரஸ்காரர் தோன்றினர். ஈண்டுக் கருதற்பாலது யாதெனின், இவர்கள் தபாற்கந்தோரின் பகைவரல்லர் என்பதே. கந்தோரின் வாயிலிலிருந்து மனிதனின் கைவரையுள்ள இடைவெளியை அவர்கள் நிரப்பினர்.

வெல்ஸ் பார்கோ கொம்பனி இவ்விடைவெளியைப் பெருந்தொழிலாக்கிற்று. அரசின் முத்திரை அச்சிட்ட கடிதவுறையில் இட்ட கடிதத்தைத் தபாலுக்குப் புறம்பே காவலாம் என்று 1852ஆம் ஆண்டுச் சட்டம் இடங்கொடுத்தது. கொம்பனி அவ்வுறைகளை வாங்கி, தன் பெயரையும் அவற்றின் மேல் அச்சிட்டு விற்றது. அரசுக்கு வேலையின்றியே வருவாய், கொம்பனிக்குச் சட்டத்தின் காவல், மக்களுக்கு விரைவு. மூவர்க்கும் நயந்தந்த இவ்வேற்பாடு 1895 வரை நிலவியது. கடிதமும் தனியாரும் ஒருவரையொருவர் தீண்டலாகாது என்னும் விதி இயற்கை விதியன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

கடிதத்தை அரசு தனதாக்கிக்கொண்டது போலப் பொதியைத் தனியார் தமதாக்கிக்கொண்ட கதை இனி வருவது. சட்டம் எதுவும் பொதி காவுதலை அரசுக்குத் தடுக்கவில்லை; ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முழுவதும் 4 இறாத்தலுக்கு மேற்பட்ட பொதியைத் தபாற்கந்தோர் ஏற்கவில்லை. அதற்கு மேற்பட்டனவெல்லாம் எக்ஸ்பிரஸ் கொம்பனிகளின் கையில் இருந்தன. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பிற நாடுகளோடு 1887 முதலாகச் செய்யப்பட்ட பொதித் தபால் உடன்படிக்கைகளின்படி, 11 இறாத்தற் பொதியை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். அடுத்த மாகாணத்திலிருக்கும் தமையனுக்கு அனுப்பலாகாது! ஜேர்மனியும் பிரித்தானியாவும் பொதித்தபாலை எளிதில் நடத்திவருகையில், குடியாட்சியின் தாயகம் என்று தன்னைக் கூறிக்கொண்ட நாடு இங்ஙனம் பின்தங்கியமைக்குக் காரணம் யாது? எக்ஸ்பிரஸ் கொம்பனிகளின் செல்வாக்கு ஒன்று. அவற்றின் கூலியிற் பங்குபெற்ற புகையிரதக் கொம்பனிகள் மற்றொன்று. சிற்றூர்க் கடைக்காரரின் அச்சம் மூன்றாவது. சிக்காகோவிலிருந்து விலைப்பட்டியல் வழியே விற்கும் பெரு வணிகர் தபாலின் துணைகொண்டு தம் வாடிக்கையாளரைக் கவர்ந்துவிடுவர் என அவர் அஞ்சினர். அவ்வச்சம் பொய்யன்று.

கமக்காரர் சங்கங்களின் இடைவிடாத வேண்டுகோளின் பயனாய், 1912ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில் அதற்குரிய சட்டம் நிறைவேறிற்று. 1913ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி பொதித்தபால் தொடங்கியது. முதல் ஆறு மாதங்களில் ஏறக்குறைய 30 கோடிப் பொதிகள் கையாளப்பட்டன. தொடக்கத்தில் 11 இறாத்தலாயிருந்த எல்லை அவ்வாண்டிலேயே 20 ஆகவும், அடுத்த ஆண்டு அண்மை வலயங்களுக்கு 50 ஆகவும் உயர்ந்தது. மக்கள் இப்புதிய வாய்ப்பைப் பயன்படுத்திய விதம் நகைப்புக்குரியது. 1914ஆம் ஆண்டு பெப்ருவரியில் ஐடஹோ மாகாணத்தில் மே பியர்ஸ்ரோவ் என்னும் சிறுமியைப் பாட்டியார் வீட்டுக்கு அனுப்ப விரும்பிய பெற்றோர், புகையிரதச் சீட்டினும் முத்திரை மலிவு எனக் கண்டு, அவளுடைய சட்டையில் முத்திரை ஒட்டிப் பொதியாக அனுப்பினர். தபால்வண்டியில் அவள் நலமே போய்ச் சேர்ந்தாள். யூற்றா மாகாணத்து வேர்னல் என்னும் ஊரில் வங்கிக் கட்டடம் ஒன்றுக்கு வேண்டிய செங்கற்கள் 1916இல் 50 இறாத்தற் பொதிகளாகத் தபாலில் வந்திறங்கின. வண்டிக் கூலியிலும் தபாற்கூலி குறைவாயிருந்ததே காரணம். கட்டடங்களைத் தபாலில் அனுப்புதல் அரசின் நோக்கமன்று எனக் கூறி, ஒருவர் ஒரு நாளில் ஒருவருக்கு 200 இறாத்தலுக்கு மேல் அனுப்பலாகாது என அதன்பின் விதிக்கப்பட்டது.

எக்ஸ்பிரஸ் கொம்பனிகள் இவ்வடியிலிருந்து மீளவில்லை. 1918இல், முதலாம் உலகப் போரின்போது, அவை அரசின் ஏற்பாட்டால் ஒரே நிறுவனமாக இணைக்கப்பட்டன; 1929இல் அது புகையிரதங்களுக்கு உரிய ‘ரெயில்வே எக்ஸ்பிரஸ் ஏஜென்சி’ ஆயிற்று; 1975இல் முறிந்து மறைந்தது. அதனைக் காப்பாற்றும் பொருட்டு 1951இற் காங்கிரசு செய்ததொரு செயல் எதிர்பாராத விளைவைத் தந்தது. பெரிய தபாற்கந்தோர்களுக்கிடையே செல்லும் பொதிகளின் நிறையெல்லை அண்மைக்கு 40 இறாத்தலாகவும் சேய்மைக்கு 20 இறாத்தலாகவும் குறைக்கப்பட்டது. தபாலை விட்டு நீங்கிய பொதிகள் புகையிரத எக்ஸ்பிரசை நாடவில்லை; பாரவண்டியோடு வாயிலில் வந்து நின்ற வேறொரு கொம்பனியை நாடின.

அதுவே யூ.பி.எஸ். 1907இற் சியாற்றில் நகரிலே ஜேம்ஸ் கேசி என்னும் பத்தொன்பது வயது இளைஞர், 100 டொலர் கடன் பெற்று, செய்தியும் சிறு பொதியும் கொண்டோடும் பையன்களை வைத்துத் தொடங்கிய தொழில் அது. 1919இல் அப்பெயர் பெற்றது. நெடுங்காலமாக அதன் வேலை பெருங்கடைகளில் மாதர் வாங்கிய பொருள்களை அவர்தம் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தலே. இத்தோற்றத்தை ஊன்றி நோக்குதல் தகும். வீட்டு வாயிலும், அங்கு நின்று பொதியை வாங்கும் ஆளும் அக்கொம்பனியின் தொழிலுக்கு உயிர்நிலை. பொதி காணாமற் போயிற்று என்று கடைக்காரர் கேட்குமிடத்து, இன்ன வீட்டில் இன்னாரிடம் கொடுத்தோம் என்று விடையிறுத்தல் வேண்டும். பெட்டிக்கு வாயிலுமில்லை, ஆளுமில்லை. 1950களில் அது பொதுச் சேவையாக விரிந்து, 1975இல் ஒரே நிலப்பரப்பிலுள்ள 48 மாகாணங்களையும் எட்டியது. 1973 ஏப்பிரலில் மெம்பிஸ் நகரிலிருந்து 14 விமானங்களோடு தொடங்கிய பெட்எக்சும் அவ்வழக்கத்தையே கைக்கொண்டது.

இவை தனியாரின் பக்கத்துக் காரணங்கள். அரசின் பக்கத்துக் காரணம் 1934இல் உறுதிபெற்றது. பொருளாதார வீழ்ச்சிக் காலத்திலே மின்சாரக் கொம்பனிகள் முதலியன தம் கட்டணப் பட்டியல்களைத் தபாலில் அனுப்பாது, தம் ஊழியரைக்கொண்டு வீட்டுத் தபாற் பெட்டிகளிற் போடுவித்தன. முத்திரை வருவாய் குறைந்தது. தபாற் கட்டணஞ் செலுத்தாத எப்பொருளையும் தபாற் பெட்டியில் இடலாகாது என்று காங்கிரசு விதித்தது. வீட்டுக்காரன் தன் பணத்தில் வாங்கித் தன் வாயிலில் நாட்டிய பெட்டிக்கும் இவ்விதி பொருந்தும்! நியூயோர்க் மாகாணத்துக் குடிமக்கள் சங்கமொன்று, இது பேச்சுரிமைக்கு முரண் என வழக்காடிற்று. அதியுயர் நீதிமன்றம் 1981இல் சட்டத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. வாயிலிலுள்ள பெட்டிக்கே இவ்வளவு காவல் எனின், கந்தோரின் சுவருக்குள் உள்ள பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டா. அங்கு தபாலூழியரன்றி வேறெவரும் கைவைத்தல் இயலாது. பொதி காவுதல் எவருக்கும் உரியது. பெட்டியில் இடுதல் தபாலுக்கே உரியது. எவரும் ஒருங்கு திட்டமிடாமலே இவ்வாறாயிற்று.

இதனால் யாருக்கு என்ன இழப்பு என வினவலாம். நகரவாசிக்கு இழப்பில்லை, அவனுக்குத் தெரு விலாசம் உண்டு. பெட்டியை இரகசியத்துக்காகவோ பாதுகாப்புக்காகவோ வைத்திருப்பவனும் வேறு வழி காண்பான். வீட்டுக்குத் தபால் வாராத சிற்றூர்களிலும், பழங்குடிகளின் ஒதுக்கு நிலங்களிலும் வாழ்வோரின் நிலை வேறு. நவகோ மக்களின் பரந்த நிலத்திலே பல வீடுகளுக்குத் தெருப்பெயர் இல்லை. பல மைல் கடந்து சென்று பெட்டியைத் திறப்பதே அவர்தம் தபால். தனியார் வழியே வரும் மருந்தோ இயந்திர உறுப்போ அவர்களைச் சேர்வதற்கு, ‘நெடுஞ்சாலையிலிருந்து இத்தனையாம் மைலில், நீர்த்தாங்கிக்கு அப்பால்’ என்று வழி எழுதுதல் வேண்டும். பெட்டி இலக்கத்தை விலாசமென ஏற்காத குணம் பொதியோடு நின்றதுமில்லை. வட தக்கோற்றாவில் வாக்காளர் அடையாளத்துக்கு வசிப்பிட விலாசம் கட்டாயமென்ற சட்டத்தை நிறுத்திவைக்குமாறு பழங்குடியினர் கேட்டபோது, 2018இல் அதியுயர் நீதிமன்றம் இணங்கவில்லை. பெட்டி இலக்கம் மட்டும் உடையோர் தெரு விலாசந் தேடி அலைந்தனர். 2020இலேயே அவ்வழக்கு இணக்கத்தில் முடிந்தது. செல்வர் வாழும் கார்மெல் என்னும் கலிபோர்ணியக் கடற்கரை நகரிலும் நெடுங்காலம் வீட்டெண் கிடையாது. அங்கு அது அழகெனப் போற்றப்பட்டது. வறியவனுக்கு இல்லாமை, செல்வனுக்கு அதுவே அணிகலன்.

சுவரில் வழி திறக்கும் முயற்சிகளும் நிகழ்ந்தன. தனியார் வாடகைப் பெட்டிக் கடைகள் எழுந்தன. 1980இற் கலிபோர்ணியாவில் தொடங்கிய ‘மெயில் பொக்சஸ் எற்செற்றா’ அவற்றுட் பெரிது. கடையின் தெரு விலாசத்தைத் தம் விலாசமாகக் கொண்டோர் எவர் அனுப்பும் பொதியையும் பெறலாயினர். 2001இல் அக்கடைத் தொடரை யூ.பி.எஸ். கொம்பனியே வாங்கி, பெட்டியை ஏற்க மறுத்த தானே பெட்டி வாடகைக்கு விடுவோனாயிற்று! இத்தகைய கடைகளின் பெட்டியைத் தனியார் பெட்டியென விலாசத்திற் குறித்துக் காட்டல் வேண்டும் என்று 1999இலேயே தபாற் சேவை விதி செய்திருந்தது. மோசடிக்காரர் பெட்டியை மாளிகை போலக் காட்டுதலைத் தடுப்பதே நோக்கம் எனப்பட்டது.

மற்றொரு வழி கூட்டுறவு. தனியார் கொம்பனி பொதியை நெடுந்தூரம் காவி, இறுதி ஊரின் தபாற்கந்தோரில் ஒப்படைக்க, தபாற்காரர் அதனைச் சேர்ப்பிக்கும் ஏற்பாடு இந்நூற்றாண்டின் தொடக்கத்திற் பெருகிற்று. தபாலின் கையில் முடிவதால் இத்தகைய பொதிகள் பெட்டியையும் அடைந்தன. கலிபோர்ணிய மலைக்கு நடந்த எக்ஸ்பிரஸ்காரரின் தொழிலைத் தலைகீழாக்கினால் இதுவாகும்: அன்று கந்தோர்வரை அரசு, அதன்மேல் தனியார், இன்று கந்தோர்வரை தனியார், அதன்மேல் அரசு. ஆயின் பெட்எக்ஸ் 2019இல் இவ்வகைப் பொதிகளைத் தானே சேர்ப்பிக்கத் தீர்மானித்தது, யூ.பி.எஸ்.சின் ஏற்பாடு 2025 சனவரியில் முடிவுற்று, அவ்வாண்டுக்குள்ளேயே மீண்டும் பேச்சு எழுந்தது. பெட்டியையே நம்பியிருப்போர்க்கு இவ்வுடன்பாடுகள் முறிவதும் கூடுவதும் வெறும் வணிகச் செய்தியல்ல.

தபாற் சேவையே திறந்த வழி ஒன்றும் உண்டு. 2012ஆம் ஆண்டளவில் அது, பெட்டி உடையோர் தபாற்கந்தோரின் தெரு விலாசத்தையே தம் விலாசமாக எழுதி, பெட்டி இலக்கத்தையும் அதனோடு சேர்த்துக் கொள்ள அனுமதித்தது. தனியார் கொம்பனிக்காரர் அவ்விலாசத்தைக் கண்டு கந்தோரின் முகப்பில் பொதியை ஒப்படைப்பர். ஊழியர் அதனை உரியவருக்காக வைத்திருப்பர். ஆனால் இச்சலுகை எல்லாத் தபாற்கந்தோர்களிலும் தொடங்கப்படவில்லை. தனியார் பெட்டிக் கடைகளின் போட்டி நிலவும் இடங்களிலேயே அது முதலில் வழங்கப்பட்டது. போட்டிக்கு எவரும் வாராத பாலைநிலத்துச் சிற்றூர்கள் அவற்றுள் அடங்கவில்லை.